யாராகப் போகட்டும்?

முதலில் கத்தரிக்கோலின் சத்தம்தான் கேட்டது. நறுக், நறுக். கொஞ்சம் ஓய்வு. மறுபடி நறுக். தையல்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்ற சந்தேகத்தோடு கோமதிநாயகம் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே தையல் மிஷின் எதுவும் இல்லை. நீள மேசைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் மாத்திரை அட்டைகளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நர்ஸ் உடுப்பில் இருந்தாள். இன்னொருவருக்கு முன்மயிர் நரைத்திருந்தது. ஆனாலும் ஐம்பதைத் தொடப்போகும் கோமதிநாயகத்தைவிட நாலைந்து வயது இளையவராகத்தான் தெரிந்தார்.

"இங்க நாச்சியார்ங்கிறது?"

"நான்தான். வலிப்பு உங்களுக்கா, வீட்ல யாருக்காவதா?"

"யாருக்கும் இல்ல. உங்ககிட்ட படிக்க வந்திருக்கேன்."

நர்ஸின் கத்தரிக்கோல் நின்றது. நாச்சியாரின் கத்தரிக்கோல் நிற்கவில்லை.

கோமதிநாயகம் சென்னையில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் ராத்திரி வேலை பார்த்தவர். கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மினுங்கும் விளக்குகளைக் காவல் காத்தபடி, கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டவர். எங்கே முடிச்சு விழுந்தாலும், இணையத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அதற்குக் கீழே நாச்சியார் என்ற பெயரில் இரண்டு வரி பதில் கிடக்கும். அந்த இரண்டு வரியில் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஊரெல்லாம் உறங்கும்போது விழித்திருக்கிற மனுஷனுக்கு ஒரு பெயர் துணையாவதற்கு அது போதும். துணை மெல்ல மெல்லக் குருவாகிவிட்டது.

பெரிய பெரிய டேட்டாபேஸ்களைக் கட்டி ஆண்ட அந்த அம்மாள் எல்லாவற்றையும் உதறிவிட்டு மலையடிவாரத்தில் வலிப்பு நோயாளிகளுக்கு இலவசமாக மாத்திரை கொடுக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"என்ன படிக்கணும்?" என்று கேட்டார் நாச்சியார்.

கேள்வியைக் கோமதிநாயகம் பஸ்ஸிலேயே கட்டி வைத்திருந்தார்.

"இத்தனை வருஷமும் பாக்கிறதுதான் எனக்கு வேலை. ராத்திரி பூரா பாத்தேன். ஆனா எதையும் பாத்த மாதிரியே இல்ல. எப்படிப் பாக்கணும்னு சொல்லிக் குடுங்க, குருவே."

"குருவேயா! யக்கா, கேட்டியளா?" நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பெயர் ஜெபராணி.

நாச்சியார் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அண்ணாச்சி, ரிப்போர்ட் எழுதத் தெரியுமா?"

"ரிப்போர்ட்டா?"

"போன மழையில இடி விழுந்து எங்க கம்ப்யூட்டர் ஒண்ணு கருகிப் போச்சு. ரிப்போர்ட் எழுதுற டூலும் அதுலதான் இருந்துது, எழுதின ரிப்போர்ட்டும் அதுலதான் இருந்துது. எழுதிக் குடுத்த தம்பி துபாய் போயிட்டான். டேட்டாபேஸ் வேற மிஷின்ல இருந்ததால பொழைச்சுது. உள்ரூம்ல ஒரு லேப்டாப் சும்மாக் கெடக்கு. அதுல டூலை ஏத்தி, ரிப்போர்ட்ட மறுபடி எழுதுங்க."

"நான் கேட்டது வந்து..."

"கேட்டுச்சு, அண்ணாச்சி."

நறுக் என்றது கத்தரிக்கோல்.

*

என்ன ரிப்போர்ட் என்று ஜெபராணிதான் விளக்கினாள்.

வலிப்பு மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது எழுந்துகொள்ளும். வருகிறவர்களுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்து, கொடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். யாருக்கு மாத்திரை தீரப்போகிறது, யாருக்குத் தீர்ந்தே போய்விட்டது, அவர்களில் யார் இன்னும் வரவில்லை என்பதைக் காலையில் ரிப்போர்ட் சொல்லும். தீரப்போகிறவர் பெயர் கறுப்பில் வரும். தீர்ந்துபோனவர் பெயர் சிவப்பில் வரும். அந்த வீடுகளுக்கு ஜெபராணி ஸ்கூட்டரில் மாத்திரை கொண்டுபோவாள்.

"ரிப்போர்ட் இல்லாம இப்போ என்ன பண்றீங்க?"

"தெனம் காலையில அக்காவே டேட்டாபேஸ்ல கேட்டு, பேரைச் சொல்லுதாவ. ஆனா அக்கா மலைமேல முகாமுக்குப் போகணும். ரிப்போர்ட் இல்லாததாலதான் தள்ளிப் போகுது."

"போன் பண்ணி வரச் சொல்லலாமே?"

ஜெபராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சென்னையில எப்பிடியோ. இங்க வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாவ, பொண்ணு எடுக்க மாட்டாவ. முந்தி ஒருநா பேரெல்லாம் அச்சடிச்ச தாளு இந்த மேசையில கெடந்துது. கால்வலித் தைலம் வாங்க வந்த ஒரு பொம்பள அதைப் பாத்துட்டா. மறுநாளே ஒரு பிள்ளைக்கு நிச்சயம் பண்ணினது முறிஞ்சு போச்சு. போனை மாமியா எடுப்பா, கடைக்காரன் எடுப்பான். போன் கெடையாது அண்ணாச்சி. நாங்களே போவோம். போவோம்னு அவங்களும் நம்பி இருப்பாவ."

*

உள்ளறையில் லேப்டாப் இருந்தது, ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே சாரல் இருந்தது. கோமதிநாயகத்துக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. ஞானம் தேடி வந்தவனை இப்படிக் கணக்குப்பிள்ளை வேலைக்கு உட்கார்த்திவிட்டாரே என்று ஒரு கசப்பு.

பெரிய டூலை இறக்கி ஏற்றினார். ஆமை வேகத்தில் ஏறியது. திறந்தால், உலகத்தில் எதையெதையோ செய்யத் தெரிந்திருந்த அதற்கு ரிப்போர்ட் என்ற சொல்லே தெரியவில்லை.

"அம்மா, டூல் ஏறிடுச்சு. ஆனா ரிப்போர்ட்டுக்கு அதுல இடமே இல்லையே?"

"அது தனிப் பொட்டலம். டூலுக்கு மேல ஏத்தணும்."

மேலே ஏற்றப் போனால், அந்தப் பொட்டலம் இந்த டூலுக்கு நான் இல்லை என்று முறுக்கிக்கொண்டது. அது வேறு வருஷத்து டூலுக்காகச் செய்தது. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை இரண்டும் ஒத்துப்போயின. ஒரு வெள்ளைத் தாள் திரையில் விரிந்தது. கட்டம் போட்டு, தலைப்புப் போட்டு, அழகாக ஒரு ரிப்போர்ட்டை எழுதி சர்வருக்கு அனுப்பினார். சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. ரிப்போர்ட்டின் மொழி புதுசு, சர்வரோ பழசு.

"சர்வருக்கு என்ன வயசுன்னு பாத்தியளா?" என்று வாசலில் நின்று கேட்டார் நாச்சியார்.

"பாக்கல."

"மாப்பிள்ளைக்கு அளவெடுக்காம சட்டையைத் தைச்சாச்சு!" என்று மேசையிலிருந்து குரல் கொடுத்தாள் ஜெபராணி.

அன்று மதியம் கோமதிநாயகம் வெளியே வந்து மேசையோரம் உட்கார்ந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

"எனக்கு ஒரே குழப்பமா இருக்கும்மா. டூல் இங்க இருக்கு. டேட்டா அங்க இருக்கு. ரிப்போர்ட்ட நான் எழுதுறது ஒரு இடம், அது ஓடுறது ஒரு இடம், பாக்கிறவங்க இருக்கிறது இன்னொரு இடம். எது எதுக்குள்ள இருக்குன்னே புரியல. படிச்சதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாப் போச்சு."

நாச்சியார் ஒரு கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினார். "கை சும்மா இருந்தா தலை கிறுகிறுக்கும். இதை நறுக்குங்க."

நறுக்கினார். கோடு பிசகாமல், குமிழோடு ஒட்டி, நேர்த்தியாக நறுக்கினார். நாச்சியார் அந்தத் துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தனியாக ஒதுக்கி வைத்தார். கோமதிநாயகத்துக்கு அதுவும் புரியவில்லை.

*

சர்வரின் வயதைக் கேட்டு, அதன் அளவுக்கு ரிப்போர்ட்டைத் திருத்திய பிறகு ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. ரிப்போர்ட்டை டேட்டாபேஸோடு இணைக்க வேண்டும். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது.

உள்ளே யாராகப் போகட்டும்?

அதுதான் கேள்வி. கீழே இரண்டு வழிகள். ஒன்று, ஏதாவது ஒரு பெயரை நாமே எழுதிப் பூட்டிவைப்பது. யார் திறந்தாலும் ரிப்போர்ட் அந்தப் பெயரில்தான் உள்ளே போகும். மற்றது, திறந்து பார்க்கிறவர் யாரோ, அவராகவே போவது.

கோமதிநாயகம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். புல்லரித்தது. இதைக் கேட்டது மிஷினா, உபநிடதமா? யாரோ ஒருவர் பெயரை ஏன் பூட்டிவைக்க வேண்டும்? பார்ப்பவர் அவராகவே போய்ப் பார்க்கட்டும். குரு தன்னை இந்த அறையில் உட்காரவைத்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்றுகூடத் தோன்றியது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அவருக்கென்று அந்த சர்வரில் தனிப் பெயர் இல்லை. வந்த மறுநாளே நாச்சியார், "இப்போதைக்கு என் பேர்லயே போய்க்கோங்க" என்று ஒரு காலி அட்டையின் முதுகில் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்திருந்தார். ஜெபராணியின் கம்ப்யூட்டரில் அதைப் போட்டு ரிப்போர்ட்டைத் திறந்தார்.

பெயர்கள் வந்தன. ஊர், மாத்திரை, தீரும் நாள், எல்லாம் வரிசையாக. கறுப்பில் சில, சிவப்பில் ஒன்று. கோமதிநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் காவல் காத்த விளக்குகளுக்குப் பின்னால் ஒரு மனுஷப் பெயரை அவர் பார்த்ததே கிடையாது.

ஓடிப்போய்ச் சொன்னார்.

"ஜெபராணி பாத்தாச்சா?" என்று கேட்டார் நாச்சியார்.

"அவ டீ குடிக்கப் போயிருக்கா. நானே பாத்துட்டேன்மா. சும்மா இல்ல, அவ சீட்டுலயே உக்காந்து, அவ கம்ப்யூட்டர்லயே பாத்தேன். எல்லாப் பேரும் வருது."

நாச்சியார் ஒரு கணம் அவரைப் பார்த்தார். வெளியே முகாமுக்குப் போகும் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

*

அடுத்து வந்த நாட்கள் கோமதிநாயகத்துக்கு நல்லபடியாகப் போயின. தூக்கம்கூட வந்தது. காலையில் உள்ளறையில் ரிப்போர்ட்டைத் திறந்து, பூசை அறையில் விளக்கைப் பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்துக்கொள்வார். வெளியே ஜெபராணி தன் கம்ப்யூட்டரில் அதே ரிப்போர்ட்டைத் திறப்பாள்.

"நல்ல ரிப்போர்ட் அண்ணாச்சி" என்றாள் ஒருநாள். "முந்தி இருந்ததைவிட இது லட்சணமா இருக்கு."

"எல்லாம் குருவோட ஆசி."

"ஆமா சிஷ்யரே. ஸ்கூட்டருக்கும் ஓய்வு கெடைச்சிருக்கு."

அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

மறுநாள் காலையில் சிவப்புப் பெயரில் கண் நின்றது. அசன்கனி. அணைக்கு மேலே உள்ள ஊர். முந்தின நாளும் அதே பெயர் சிவப்பாக இருந்தது. அதற்கு முந்தின நாளும். மாத்திரை கொடுத்ததை ஜெபராணி ஏற்ற மறந்திருப்பாள் என்று எழுந்து வெளியே வந்தார்.

"ஜெபராணி, அசன்கனிக்கு மாத்திரை குடுத்துட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தலையாம்மா?"

"அசன்கனிக்கா? எப்போ குடுத்தேன்?"

"குடுக்கலையா?"

"ரிப்போர்ட்ல பேரே இல்லியே. இந்தக் கூட்டத்துல எனக்கு நெனப்பில்ல, வந்து வாங்கிட்டுப் போயிருப்பான்."

"மூணு நாளா சிவப்புல கெடக்கே!"

"எங்க கெடக்கு? யாரு பேருமே இல்ல. எல்லாரும் நல்ல பிள்ளையா அவங்களே வந்து வாங்கிட்டாவன்னுல்ல நெனச்சிட்டு இருக்கேன்."

கோமதிநாயகம் மேசையைச் சுற்றி ஓடினார். அவள் திரையில் தலைப்பு இருந்தது. தேதி இருந்தது. அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் வெள்ளை. தவறு என்றோ, திறக்க முடியவில்லை என்றோ ஒரு சொல்கூட இல்லை.

"நீ என்னமோ தப்பாத் திறந்திருக்க. எந்திரி."

அவள் எழுந்தாள். அவர் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் அவள் பெயரை வெளியேற்றிவிட்டு, அட்டை முதுகில் இருந்த பாஸ்வேர்டைத் தட்டினார். பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

"பாரு! இருக்கா, இல்லையா? கண்ணைத் திறந்து பாக்கணும்."

ஜெபராணி குனிந்து பார்த்தாள். முகம் வெளிறிப் போனது. "எந்திரிங்க, நான் திறக்கேன்."

அவள் திறந்தாள். வெள்ளை.

"நீங்க தொட்டா வருது, நான் தொட்டா போகுது. இது என்ன மாயம் அண்ணாச்சி?"

"மாயம் இல்ல, உனக்குப் பாக்கத் தெரியல!" குரல் அவரையும் மீறி உயர்ந்துவிட்டது.

ஜெபராணி அலமாரியைத் திறந்து மாத்திரைகளைப் பைக்குள் போட்டாள். "பேரைச் சொல்லுங்க" என்றாள். அவர் தன் லேப்டாப்பைப் பார்த்து வாசித்தார். கறுப்புப் பெயர்களுக்கு இன்னும் மாத்திரை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அசன்கனிக்கு மட்டும் இல்லை.

"அவன் என்ன வேலை பாக்கான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"பரோட்டாக் கடை. காலையிலருந்து சாயங்காலம் வரை கொதிக்கிற கல்லு முன்னால நிப்பான்."

ஸ்கூட்டர் சாரலுக்குள் போய் மறைந்தது.

*

கோமதிநாயகம் இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் நடந்தார். இங்கே பெயர்கள், அங்கே வெள்ளை. இங்கே வெள்ளை இல்லை, அங்கே பெயர் இல்லை. ஒரே சர்வர், ஒரே ரிப்போர்ட், ஒரே காலை. டூலைத் தப்பாக ஏற்றிவிட்டோமா? கண்ணில் கோளாறா? இத்தனை வருஷம் பகலில் தூங்கியவனுக்குப் பகலில் இப்படித்தான் தெரியுமோ? கல் முன்னால் நிற்கும் ஒருவனை நினைக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

நாச்சியாரின் ஜீப்பும் ஜெபராணியின் ஸ்கூட்டரும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நின்றன.

ஜெபராணி தலையைத் துவட்டாமலேயே நாச்சியாரிடம் சொன்னாள். "அசன்கனிக்கு நேத்து வந்திருக்கு யக்கா. நாக்கைக் கடிச்சிக்கிட்டான். வாய் வீங்கிப் போய்க் கெடக்கான்."

"கல்லு?"

"கல்லு முன்னால நிக்கல. 'மாத்திரை இல்லாத நாள்ல அடுப்பு பத்தவைக்காத'ன்னு நீங்க சொல்லியிருக்கியளாமே. கடையைச் சாத்திட்டு, வெளிய பெஞ்சுல உக்காந்து ரோட்டையே பாத்துட்டு இருந்திருக்கான். நான் வருவேன்னு. பொண்டாட்டி பிள்ளை பெத்து படுத்திருக்கா, விட்டுட்டு வர முடியல." அவள் பையை மேசையில் இறக்கினாள். "என்னைப் பாத்ததும் 'லேட்டாயிட்டா சிஸ்டர்'னு மட்டும்தான் கேட்டான்."

"மாத்திரை போட்டானா?"

"என் கண்ணு முன்னால போட்டான்."

நாச்சியார் அவள் தோளைத் தொட்டார். ஜெபராணி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

கோமதிநாயகம் உள்ளறை வாசலில் நின்றார்.

"குருவே" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "ஒரே ரிப்போர்ட். அவ பாத்தா ஒண்ணும் இல்ல. நான் பாத்தா எல்லாம் இருக்கு. எது உண்மைன்னு எனக்குத் தெரியல. பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு."

நாச்சியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். எதையோ தட்டினார். பிறகு எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"உக்காருங்க. ஒரு பாஸ்வேர்டு போடுங்க. நான் பாக்கல." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாருக்கு?"

"உங்களுக்கு. உங்க பேர்ல ஒரு வாசல் வச்சிருக்கேன்."

கோமதிநாயகம் போட்டார். திரையின் மூலையில் ஒரு பெயர் வந்தது. கோமதிநாயகம். அந்த மூலையில் இதுவரை என்ன இருந்தது என்று யோசித்தார். நாச்சியார் என்று இருந்தது. தினமும் இருந்தது. அவர் அதைப் படித்ததே இல்லை.

"இப்போ ரிப்போர்ட்டைத் திறங்க."

திறந்தார். தலைப்பு வந்தது. தேதி வந்தது. கட்டம் வந்தது.

கட்டத்துக்குள் வெள்ளை.

"ஒண்ணுமே இல்லையே" என்றார்.

"ஜெபராணியும் அதத்தான சொன்னா."

சாரல் ஜன்னல் கம்பியில் வழிந்தது.

"எங்களுக்கு உரிமை இல்ல, காட்ட மாட்டேன்னு வாய் விட்டாவது சொல்லலாம்ல, இந்த டேட்டாபேஸ்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"சொல்லலாம். காட்ட மாட்டேன்னு சொன்னா, உள்ள யாரோ இருக்காங்கன்னு சொன்ன மாதிரிதான? ஒரு பிள்ளைக்கு நிச்சயம் முறிஞ்ச பெறவு நான்தான் அப்படிக் கட்டினேன். ஒரு பேருக்கு எந்த ஊரு திறந்திருக்கோ அந்த ஊரு ஆளை மட்டும் காட்டும், இல்லைன்னா பேசாம இருக்கும். பழைய ரிப்போர்ட் 'முகப்பு'ங்கிற பேரைப் பூட்டி வச்சு உள்ள போகும். அந்தப் பேருக்கு எல்லா ஊரையும் திறந்து விட்டிருக்கேன். ஜெபராணி பேருக்கு ஒரு ஊரும் இல்ல. தேவைப்படல." அவர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கணும். ஜெபராணி பாத்தாச்சான்னு கேட்டேன். நின்னு பாத்துட்டுப் போகல. ஜீப் ஹாரன் அடிச்சுது, போயிட்டேன்."

கோமதிநாயகம் வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தனை நாளும் நான் பாத்தேனே, அது?"

"அது நான் பாக்கிறது, அண்ணாச்சி."

 

பிறகு கோமதிநாயகம் டூலைத் திறந்தார். அந்தச் சின்னப் பெட்டியை வரவழைத்தார். உள்ளே யாராகப் போகட்டும்? இப்போது புல்லரிக்கவில்லை. முகப்பு என்று எழுதினார். அதற்கான பாஸ்வேர்டை நாச்சியார் தட்டினார். ரிப்போர்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்கம்போல அதைத் திறந்து பார்க்க அவர் விரல் எழுந்தது. பாதியில் மடங்கியது.

வெளியே வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல், வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றார்.

"ஜெபராணி, நீ பாத்துச் சொல்லும்மா."

அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஈரக் கையை முந்தானையில்லாத உடுப்பில் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைத் திறந்தாள். கோமதிநாயகத்துக்குத் திரையின் முதுகுதான் தெரிந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் உதடு அசைந்தது. ஒவ்வொரு பெயராக, வாய்க்குள்ளேயே படித்தாள்.

"வருது" என்றாள்.

"காலையில நான் பேசினது..."

"அதை விடுங்க. நாளைக்கு அணைக்கு மேல போவணும். அசன்கனியை இன்னொருக்க பாக்கணும். நீங்களும் வந்து பின்னால உக்காருங்க."

"வாரேன்."

அவர் மேசையோரம் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் நேர்த்தியாக நறுக்கிய துண்டுகள் இன்னும் ஒரு தட்டில் ஒதுங்கிக் கிடந்தன. நாச்சியாரும் வந்து எதிரே உட்கார்ந்து ஒரு அட்டையை எடுத்தார்.

"அம்மா, வந்த அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்."

"ம்."

"அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. எப்படித்தான் பாக்கிறது?"

நாச்சியார் கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினார்.

"ஓரம் விட்டு நறுக்குங்க, அண்ணாச்சி. ஒட்டி நறுக்கினா உறை பிஞ்சு காத்து ஏறிரும். பாக்க அழகா இருக்கும், மாத்திரை போயிரும்."

கோமதிநாயகம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரம் விட்டார்.

நறுக்.